முதுமைச் சேமிப்பும் பருவத்தின் பாதுகாப்பும்

முதுமைக்கென்று சேமிக்கும் பணத்துக்குப் பிற சேமிப்புகளுக்கு இல்லாத தனித்தன்மை ஒன்று உண்டு. மகளின் திருமணத்துக்குச் சேமிப்பவர் சில ஆண்டுகளில் அதை எடுத்துவிடுவார். விதைக்கும் உரத்துக்கும் ஒதுக்கிய பணம் ஒரு போகத்துக்குள் வீடு திரும்பிவிடும். ஆனால், இருபத்தைந்து வயதில் தறியில் அமர்ந்த நெசவாளர் தம் அறுபதாம் வயதுக்கென்று செலுத்தும் பணம், முப்பத்தைந்து ஆண்டுகள் எங்கோ ஓரிடத்தில் உழைத்துக்கொண்டே இருக்கும். அது எங்கே உழைக்கிறது, எதை வளர்க்கிறது, எதை அழிக்கிறது என்று அவர் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. மேல்நாடுகள் சிலவற்றில் அரசாங்கங்களும் அறிஞர்களும் இதைக் குறித்து விவாதித்து வருகின்றனர். அவ்விவாதத்தின் சாரத்தை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

பெற்ற பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது என்பது நம் நாட்டு வழக்கு. கீழைக் கடலோரத்துத் தோட்டக்காரர் தென்னையைத் தம் ஓய்வூதியமாகவே கருதி வளர்த்தார். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அந்த ஓய்வூதியத்தை ஒரே இரவில் வேரோடு சாய்த்தது. நெசவாளரின் நிலையும் இதைப் போன்றதே. ஓயாத மழையில் தெருவில் பாவு ஓட இயலாது. குழித்தறியில் நீர் ஊறினால் மிதிகட்டையில் கால் வைக்க இயலாது. வேலை நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் சேமிப்பும் நிற்கும்.

ஒரு புயலை மட்டும் சுட்டிக்காட்டி, உலகின் வெப்பம் ஏறியதன் விளைவே இது என்று கூறிவிட முடியாது. எனினும் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் கரியமில வாயு பெருகுகிறது. அதனால் நிலமும் கடலும் சூடேறுகின்றன. சூடேறிய கடல் புயலுக்கு வலிமையையும் மழைக்கு மிகுதியையும் தருகிறது. இது அறிவியலார் ஐயமின்றிக் கண்ட உண்மை. ஆதலின் முதுமைக்குப் பணம் இருந்தால் மட்டும் போதாது. அப்பணத்தைக் கொண்டு அமைதியாக வாழத்தக்க பருவமும் வேண்டும். ஒன்றைச் சேமித்துக்கொண்டே மற்றொன்றை அழிக்கும் இடத்தில் அச்சேமிப்பை முதலிடுவது அறிவுடைமை ஆகுமா?

சலுகை யாருடைய பணம்?

முதுமைச் சேமிப்பை ஊக்குவிக்கப் பல நாட்டு அரசாங்கங்கள் சலுகை வழங்குகின்றன. பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே 20 சதவிகித வருமான வரி கட்டும் தொழிலாளி ஒருவர், தம் ஓய்வூதிய நிதியில் 80 பவுன் செலுத்தினால், அரசாங்கம் 20 பவுன் சேர்த்து அதை 100 பவுன் ஆக்குகிறது. நிதி வளரும் காலத்தில் அதன் வருமானத்துக்கு வரி இல்லை. ஓய்வு பெறும்போது பொதுவாக நிதியில் கால் பங்கை, சட்டம் விதித்த உச்ச அளவுக்கு உட்பட்டு, வரியின்றி எடுத்துக்கொள்ளலாம். 2012 அக்டோபர் முதல், தொழிலாளரை ஓய்வூதியத் திட்டத்தில் தாமாகவே சேர்க்கும் கடமை முதலாளிகளுக்குப் படிப்படியாக விதிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் முதல், ஊதியத்தில் கணக்கிடத்தக்க பகுதியில் குறைந்தது 8 சதவிகிதம் இந்நிதியில் சேருகிறது. அதில் குறைந்தது 3 சதவிகிதம் முதலாளியின் பங்கு.

இச்சலுகைகளால் பிரிட்டிஷ் கருவூலம் ஆண்டுதோறும் பல ஆயிரம் கோடி பவுன் வருவாயை விட்டுக்கொடுக்கிறது. அதற்கு ஈடாகப் பொதுமக்கள் பெறுவது என்ன? முதியோர் பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வர் என்பது ஒரு நன்மை, அது சிறிதன்று. ஆனால் அந்நிதி எத்தொழிலில் முதலிடப்பட வேண்டும் என்பதைப் பற்றி இச்சலுகை எதுவும் கேட்பதில்லை. காற்றாலைக்குச் செல்லும் பவுனுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்குச் செல்லும் பவுனுக்கும் ஒரே சலுகைதான்.

இந்த இடத்தில்தான் புதிய கருத்து ஒன்று எழுந்தது. வரி ஆய்வாளர் ரிச்சர்டு மர்ஃபி, 2024இல் வெளியிட்ட தம் அறிக்கையில், ஓய்வூதிய நிதிகளில் புதிதாகச் சேரும் தொகையில் கால் பங்கேனும் பருவ மாற்றத்தைத் தடுக்கும் பணிகளிலும் சமூகத்துக்குத் தேவையான கட்டுமானங்களிலும் முதலிடப்பட வேண்டும் என்றும், வரிச் சலுகைக்கு அதையே நிபந்தனையாக்க வேண்டும் என்றும் கூறினார். ஏற்கெனவே கொடுத்துவரும் சலுகையின் திசையைத் திருப்பினால், புதிய வரி விதிக்காமலே பெருந்தொகை கிடைக்கும் என்பது அவர் வாதம்.

சேமிப்பு யாருடைய பணம்?

கருத்து கவர்ச்சியுடையது. ஆனால் எதிர்த்தரப்பின் வாதத்தையும் நடுநிலையோடு கேட்க வேண்டும். சலுகை பொதுப்பணம் என்பது மெய்யே. சேமிப்போ உழைத்தவரின் வியர்வை. அவர் முதுமையில் உண்ண வேண்டிய சோற்றை, எத்துணை உயர்ந்த நோக்கத்துக்காயினும், பிறர் பணயம் வைக்கலாமா?

இவ்வினாவுக்குப் பிரிட்டிஷ் நீதிமன்றம் 1984இல் விடை கூறியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் ஓய்வூதிய நிதியை நிர்வகிக்கப் பத்து டிரஸ்டிகள் இருந்தனர். ஐவர் நிலக்கரி வாரியத்தின் சார்பினர், ஐவர் தொழிற்சங்கத்தின் சார்பினர். சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் தலைமையில் தொழிற்சங்க டிரஸ்டிகள், நிதியை வெளிநாடுகளில் மேலும் முதலிடக்கூடாது, நிலக்கரியோடு போட்டியிடும் எரிபொருள் தொழில்களிலும் முதலிடக்கூடாது என்று வற்புறுத்தினர். சுரங்கத் தொழில் வாழ வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். நீதிபதி ராபர்ட் மெகாரி அதை ஏற்கவில்லை. ஓய்வூதியம் பெறுவோரின் நலனே டிரஸ்டிகளின் முதற்கடமை. அந்நலன் பொதுவாக அவர்களுடைய பண நலனே என்று தீர்ப்பளித்தார்.

அத்தீர்ப்பின் பொருளைப் பின்வந்த நாற்பது ஆண்டுகள் விளக்கிவிட்டன. 2024 செப்டம்பர் 30ஆம் நாள் பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. ஒரு தொழிலைக் காக்க வேண்டும் என்ற அன்பினால் முதியோர் நிதியை அத்தொழிலோடு இறுகக் கட்டியிருந்தால், தொழிலோடு நிதியும் தளர்ந்திருக்கும். இந்தப் பாடம் நிலக்கரிக்கு மட்டும் உரியதன்று. காற்றாலையாயினும் கதிரொளியாயினும், நிதி முழுவதையும் ஒரே கொம்பில் தொங்கவிடலாகாது.

அதே பாடத்துக்கு மறுபக்கமும் உண்டு. பருவ மாற்றத்தால் நிதிக்கு வரக்கூடிய நட்டத்தைக் காணாமல் கண்ணை மூடிக்கொள்வதும் கடமை தவறுவதே ஆகும். ஆஸ்திரேலியாவில் இளம் அங்கத்தினர் ஒருவர், 2055இல்தான் தம் கைக்கு வரவிருந்த ஓய்வூதியத்தைப் பற்றி, 2018இல் தம் நிதியத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். பருவ மாற்றத்தால் வரும் இடரை நிதியம் எவ்வாறு கணக்கில் கொள்கிறது என்பதைத் தமக்குக் கூறவில்லை என்பது அவர் முறையீடு. 2020 நவம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2050க்குள் தன் முதலீடுகளின் நிகரக் கரியமில வெளியீட்டை இல்லாமல் ஆக்குவதாக அந்நிதியம் அறிவித்தது. பிரிட்டனிலும் 2021 அக்டோபர் முதல், 500 கோடி பவுனும் அதற்கு மேலும் உள்ள ஓய்வூதிய நிதிகள் பருவ மாற்றத்தின் இடர்களை ஆராய்ந்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது. அடுத்த ஆண்டு 100 கோடி பவுனுள்ள நிதிகளுக்கும் அது விரிந்தது.

அங்கத்தினரின் மூலதனத்தைக் கட்டாயப்படுத்துவதில் அபாயம் உண்டு. அரசாங்கத்தின் சலுகைக்கு நிபந்தனை விதிப்பதில் நியாயம் உண்டு. இவ்விரண்டையும் பிரித்து அறிந்தால்தான் இம்முயற்சி நிலைபெறும்.

டச்சுக்காரர் கண்ட வழி

இப்பிரிவினையை நடைமுறையில் செய்து காட்டிய நாடு நெதர்லாந்து. அங்கே நடந்தது ஓய்வூதியச் சேமிப்பில் அன்று, பொதுச் சேமிப்பில். ஆயினும் கொள்கை ஒன்றே. 1995ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் பசுமை நிதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. காற்றாலை, இயற்கை வேளாண்மை, எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பசுமைக்குடில் போன்ற பணியைத் தொடங்குபவர் முதலில் அரசாங்கத்திடம் சான்றிதழ் பெற வேண்டும். வங்கிகள் அமைக்கும் பசுமை நிதியங்கள் தம் பணத்தில் குறைந்தது 70 சதவிகிதத்தைச் சான்றிதழ் பெற்ற பணிகளுக்கே கடனாகத் தர வேண்டும். அந்நிதியங்களில் சேமிப்பவருக்கு அரசாங்கம் வரிச் சலுகை தந்தது. 2001இல் வரி முறை மாறியபின் அச்சலுகை, விலக்கும் கழிவும் சேர்ந்து, சேமித்த தொகையில் ஆண்டுக்கு 2.5 சதவிகிதமாக இருந்தது.

இது இயங்கும் விதத்தை எளிய கணக்கினால் விளக்கலாம். பிற வங்கிகளில் வைப்புத்தொகைக்கு 4 சதவிகித வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பசுமை நிதியம் 2 சதவிகிதமே தருகிறது. குறைந்த வட்டியை வரிச் சலுகை ஈடுசெய்துவிடுவதால் சேமித்தவருக்கு நட்டமில்லை. மலிவாகப் பணம் பெற்ற வங்கி, பசுமைக்குடில் கட்டும் விவசாயிக்கு மலிவான வட்டியில் கடன் கொடுக்கிறது. கடனை ஆராய்ந்து கொடுக்கும் பொறுப்பும் வசூலிக்கும் பொறுப்பும் வங்கியுடையவை. எது பசுமை என்று சான்று கூறும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது. சேமிக்க வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை சேமிப்பவருடையது. யாரையும் கட்டாயப்படுத்தாமல் மூவரும் தத்தம் பங்கைச் செய்தனர்.

இத்தகைய நிதியம் நடத்திய வங்கிகளுள் ராபோ வங்கியும் ஒன்று. அது ஒரு கூட்டுறவு வங்கி. அதன் பெயரின் முதற்பகுதியில் மறைந்து நிற்பவர் ஜெர்மானியப் பெரியார் ரைபைசன் அவர்களே. சென்னை மாகாண அரசாங்கத்துக்கு பிரெடரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் அளித்த அறிக்கையில் நம் கிராமங்களுக்குப் பரிந்துரைத்ததும் அவர் வகுத்த முறையையே. சிறுகச் சேமித்து அண்டை அயலாருக்கு மலிவாகக் கடன் கொடுக்கும் அம்முறையின் வழிவந்த வங்கி, நூறாண்டுகளுக்குப் பின் பருவத்தைக் காக்கும் பணிக்கும் கடன் கொடுத்தது பொருத்தமே.

சலுகை குறைந்தால் மக்களின் ஆர்வமும் குறையும் என்பதற்குப் பிரிட்டனே சான்று. அந்நாட்டு அரசாங்கத்தின் தேசிய சேமிப்பு நிறுவனம் 2021 அக்டோபரில் பசுமைச் சேமிப்புப் பத்திரங்களை வெளியிட்டது. மூன்றாண்டு வைப்புக்கு 0.65 சதவிகித வட்டியே கொடுக்க முன்வந்ததால், நல்ல நோக்கத்தின் பெயரால் சேமிப்பவரைச் சுரண்டுவதாகும் இது என்று பலரும் குறைகூறினர். பின்னர் வட்டி படிப்படியாக உயர்ந்தது, 2023இல் 5.7 சதவிகிதம் வரை சென்றது. அறச்செயலுக்கான செலவை ஏழைச் சேமிப்பாளர் மட்டும் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தகாது.

கடலில் எழுந்த கூட்டுறவு

டென்மார்க்கு நாட்டின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1979இல் அந்நாட்டு அரசாங்கம் காற்றாலை அமைப்போருக்குச் செலவில் 30 சதவிகிதத்தை மானியமாகக் கொடுத்தது. பிற்பாடு அதைக் குறைத்து, 1989இல் நிறுத்தியது. கிராமத்தார் பலர் கூடிப் பங்கு போட்டுக் காற்றாலை அமைத்தனர். அப்பங்குகளின் வருமானத்தில் ஓர் அளவு வரை வரிச் சலுகையும் கிடைத்தது. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு அப்பால் மிடல்குருண்டன் என்னும் கடல் மேட்டில் 2000ஆம் ஆண்டில் எழுந்த இருபது காற்றாலைகள் இம்மரபின் சிகரம். அவற்றின் மொத்தத் திறன் 40 மெகாவாட். பாதி நகரத்து மின்சார நிறுவனத்துக்கும், பாதி கூட்டுறவுக்கும் உரியனவாக அவை அமைந்தன. கூட்டுறவின் 40,500 பங்குகளை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாங்கினர். ஒரு பங்கின் விலை 4,250 குரோனர். ஆண்டுக்கு ஆயிரம் யூனிட் மின்சார உற்பத்திக்கு ஒரு பங்கு என்பது கணக்கு.

சிறிய பங்குகள் வழிகாட்டின. பெரிய நிதிகள் பின்தொடர்ந்தன. 111 காற்றாலைகளும் 400 மெகாவாட் திறனும் கொண்ட ஆன்ஹோல்ட் கடற்காற்றாலைத் தொகுதியில் பாதியை, 2011இல் இரண்டு டேனிஷ் ஓய்வூதிய நிதியங்கள் வாங்கின. 2013இல் அது திறக்கப்பட்டது. காற்றாலை பல ஆண்டுகள் நிலையான வருமானம் தருவது; ஓய்வூதிய நிதிக்கு வேண்டுவதும் பல ஆண்டுகள் நிலைத்த வருமானமே. அரசாங்கம் மின்சார விலைக்குத் தந்த உறுதி இப்பொருத்தத்தைக் கூட்டியது. எந்தச் சட்டமும் அந்நிதியங்களை அங்கே விரட்டவில்லை. வழி சீராக இருந்ததால் அவை தாமே சென்றன.

எச்சரிக்கைகள் இரண்டு

இம்முறைகளைப் புகழ்வதோடு நின்றுவிடலாகாது. முதலாவதாக, அரசாங்கம் தந்த சலுகையை அரசாங்கமே திரும்பப் பெறலாம். நெதர்லாந்தில் பசுமைச் சேமிப்புக்கான வரிவிலக்கின் உச்ச அளவு, 2024இல் ஒருவருக்கு 71,251 யூரோவாக இருந்தது. 2025இல் அது 26,312 யூரோவாகச் சுருங்கியது. வரிக்கழிவும் 0.7 சதவிகிதத்திலிருந்து 0.1 சதவிகிதமாகக் குறைந்தது. முப்பதாண்டுகளுக்கென்று சேமிப்பவர், ஆண்டுக்கு ஆண்டு மாறும் சலுகையை நம்பித் தம் முதுமையைத் திட்டமிட இயலுமா? சேமிப்பின் காலம் நீண்டதாயின் சலுகையின் வாக்குறுதியும் அவ்வளவு நீண்டதாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, வரிச் சலுகை வரி கட்டுவோருக்கே பயன்படும். வரி எவ்வளவு மிகுதியோ சலுகையும் அவ்வளவு மிகுதி. பிரிட்டனில் 40 சதவிகித வரி கட்டுபவர் தம் நிதியில் 100 பவுன் சேர்க்க, முடிவில் அவர் கையிலிருந்து செல்வது 60 பவுனே. 20 சதவிகித வரி கட்டுபவருக்கு 80 பவுன். நம் நாட்டில் வருமான வரி கட்டும் நிலைக்கே வராத நெசவாளருக்கு அத்தகைய சலுகை ஏட்டுச் சுரைக்காய்தான். அவருக்கு வேண்டுவது, அவர் போடும் பணத்தோடு அரசாங்கமும் தன் பங்கைச் சேர்க்கும் முறை. 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் அதற்கு முன்மாதிரி உண்டு. 18 வயது முதல் 40 வயது வரை உள்ளவர் அதில் சேரலாம். 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். தொடக்கத்தில் சேர்ந்தவர்களுள், வருமான வரி கட்டாமலும் வேறு சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் இல்லாமலும் இருந்தவர்களுக்கு, அவர்கள் செலுத்தியதில் பாதியை, ஆண்டுக்கு 1,000 ரூபாய்க்கு மேற்படாமல், ஐந்தாண்டுகள் மத்திய அரசாங்கம் சேர்த்துக் கொடுத்தது. மத்திய அரசாங்கம் 2023 ஜனவரியில் முதன்முதலாகப் பசுமைக் கடன் பத்திரங்களையும் வெளியிட்டது; அடுத்த மாதத்து வெளியீட்டையும் சேர்த்து அவற்றின் தொகை 16,000 கோடி ரூபாய். எளியோரின் முதுமைச் சேமிப்புக்குப் பங்கு சேர்ப்பது ஒரு நூல்; பருவத்தைக் காக்கும் பணிக்குப் பத்திரம் வெளியிடுவது மற்றொரு நூல். ஒன்று பாவு, மற்றொன்று ஊடை என்று கொண்டு இரண்டையும் ஒரே தறியில் நெய்தால், உறுதியான துணி ஒன்று கிடைக்கும்.

அங்கத்தினர் கேட்க வேண்டியவை

இனி இத்தகைய திட்டம் எதுவும் நம் முன் வைக்கப்படுமானால், மகாசபையிலும் நிர்வாகக் குழுவிலும் நாம் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். நிபந்தனை அரசாங்கம் தரும் சலுகைக்கு உரியதா, அல்லது நம் மூலதனத்தையே கட்டுப்படுத்துவதா? இது பசுமைப் பணியே என்று சான்று கூறுபவர் யார். அவர் அதில் இலாபம் பெறாதவர்தாமா? நட்டம் வந்தால் அதை முதலில் சுமப்பவர் யார். வரி கட்டாத ஏழைக்கும் சலுகை எட்டுகிறதா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்குமானால் அத்திட்டத்தை வரவேற்கலாம். விடை மழுப்பலாக இருக்குமானால், பசுமை என்னும் சொல் எத்துணை இனிமையாக ஒலித்தாலும், பணத்தை எடுத்து நீட்ட வேண்டியதில்லை.

சிறுதுளியைச் சேர்த்துப் பெருவெள்ளமாக்குவது கூட்டுறவின் முதற்பாடம். வெள்ளம் பெருகியபின் அது எந்தக் கால்வாயில் பாய்கிறது என்று கவனிப்பது இரண்டாம் பாடம். முதற்பாடத்தை நம் முன்னோர் நன்கு கற்றனர். இரண்டாவதைக் கற்பது இன்று தறியிலும் கழனியிலும் உழைக்கும் நம் தலைமுறையின் கடமை. 2060ஆம் ஆண்டில் ஓய்வூதியம் வாங்கச் செல்லும் இன்றைய இளைஞருக்குக் கையில் பணமும், வீட்டுக் கொல்லையில் நிற்கும் தென்னையும் வேண்டும். இரண்டும் கிடைக்க இன்றே வழி தேடுவோமாக!